வாந்திச் சொட்டு மருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பு மாறினால் என்ன சிகிச்சை?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கீங்க: ஆறு மாதக் குழந்தைக்கு வாந்திக்கு டோம்பெரிடோன், இருமலுக்கு எரித்ரோமைசின், இப்போ ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தில் மின்சாரம் பாய்ந்து, அடுத்த துடிப்புக்குத் தயாராக ஆகும் நேரம்) நீண்டிருக்காம்.

முதல் வேலை, இரண்டையும் டாக்டர் நிறுத்துவார். பாதி வைத்தியம் அதுதான். இரண்டுமே தனித்தனியா க்யூடியை நீட்டும். போதாததுக்கு, டோம்பெரிடோனைக் கல்லீரல் சிதைக்கவிடாம எரித்ரோமைசின் தடுக்கும், ரத்தத்தில் அதன் அளவு ஏறும். பிறகு இதயத் துடிப்பை விடாம பார்க்க மானிட்டர். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் பார்த்து, குறைஞ்சிருந்தா ஈடுகட்டுவாங்க. வாந்தி பேதியில் இவை இறங்கும். துடிப்பு தாறுமாறா ஓடும் ‘டோர்சாட்’ வந்தா மெக்னீசியம் சல்பேட், கிலோவுக்கு 25–50 மில்லிகிராம், ரத்தக்குழாய் வழியா. நாடி நின்னா நெஞ்சழுத்தம், மின் அதிர்ச்சி. துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் மருந்து இங்கே ஆகாது, அதுவும் க்யூடியை நீட்டும்.

பால் குடிக்காம வெளிறித் துவண்டா 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாட்டில்களையும் கொண்டுபோங்க. மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கினதுன்னா அதையும் சொல்லிருங்க, திட்டினா திட்டட்டும்.