உட்கரு இல்லாத சிவப்பணு புரோகேரியோட்டா?

அன்புள்ள ஐயா,

உட்கரு இல்லாதது புரோகேரியோட், உள்ளது யூகேரியோட் என்று என் மகள் பள்ளியில் படித்திருக்கிறாள். மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை என்றும் படித்தவள், "அப்படியானால் சிவப்பணு புரோகேரியோட்தானே, அம்மா?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வரையறையை உரசிப் பார்க்கிற அருமையான கேள்வி இது. மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

சிவப்பணு புரோகேரியோட் அல்ல. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கு உட்கரு இருக்கிறது. முதிர்கையில் அதை வெளியே தள்ளிவிட்டு, பிறகு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் புரதம் செய்யும் ரைபோசோம்களையும் இழந்து, ஹீமோகுளோபின் நிறைந்த பையாக இரத்தத்தில் உலவுகிறது. டி.என்.ஏ. இல்லாததால் அது பிரிந்து பெருகுவதில்லை. ஏறத்தாழ 120 நாள்களில் அழிந்துவிடுகிறது.

உண்மையான புரோகேரியோட்டான பாக்டீரியாவுக்கோ டி.என்.ஏ. உண்டு, அதைச் சுற்றி உறைதான் இல்லை. ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் சுருண்டு கிடக்கும் வட்ட டி.என்.ஏ.வை நீட்டினால் 1.5 மில்லிமீட்டர் வரும். உறை இல்லாததன் விளைவைத்தான் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே மரபணுவின் படியான தூது ஆர்.என்.ஏ. எழுதி முடிக்கப்படும் முன்பே, அதன் தொடக்க முனையில் ரைபோசோம்கள் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன. நம் செல்களிலோ ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள் எழுதப்பட்டு, இன்ட்ரான் எனப்படும் இடைப் பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, உட்கரு உறையின் துளை வழியே வெளியே வந்த பிறகே ரைபோசோமைச் சேர்கிறது. இந்த இடைவெளியில் ஒரே மரபணுவின் படியை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டி, வெவ்வேறு புரதங்களைச் செய்துகொள்ளவும் நம் செல்களால் முடிகிறது.

ரைபோசோம்களும் வேறுபடுகின்றன: பாக்டீரியாவில் 70 எஸ், நம் சைட்டோபிளாசத்தில் 80 எஸ் (எஸ் என்பது வேகமாகச் சுழற்றும்போது துகள் படியும் வேகத்தைக் குறிக்கும் அலகு). காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொள்வதும், நம்முடையதைப் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதனால்தான். ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம்கள் பாக்டீரியாவின் வகையை ஒத்தவை, அதன் டி.என்.ஏ.வும் வட்டமானது, அது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்பதை அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை, இன்று அதுவே பாடம்.

பள்ளி ஆய்வகத்தில் சுத்தமான பல்குச்சியின் மழுங்கிய முனையால் உள்கன்னத்தை மெல்ல வழித்துக் கண்ணாடி வில்லையில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அகன்ற செல்லின் நடுவே கருநீல உட்கரு தெரியும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அதே செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு நீலப் புள்ளிகளும் தெரியும். அந்தப் புள்ளிகளே புரோகேரியோட்டுகள்.