60 நாள் கெடு எங்கே போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) ஒப்புதல் இல்லாமல் அமெரிக்க அதிபர் 60 நாட்களுக்கு மேல் போர் நடத்தக்கூடாது என்று 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. பிறகு எப்படி அதிபர்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள்? நீதிமன்றம் கேட்காதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அதிபர் நிக்ஸனின் வீட்டோவை, அதாவது மறுப்பாணையை, மீறி நிறைவேற்றிய சட்டம் அது. படைகளை இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரஸுக்கு எழுத்தில் அறிக்கை தரவேண்டும். பிறகு 60 நாள். படையைப் பத்திரமாக விலக்க மேலும் 30 நாள்.

ஓட்டை அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. அறிக்கை தரவேண்டிய சூழல்கள் மூன்று. அதில் முதலாவது, அதாவது நேரடி மோதல் அல்லது உடனே மோதல் மூளும் நிலை, அது மட்டுமே கெடுவைத் தொடங்கிவைக்கும். எந்தப் பிரிவு என்று அதிபர்கள் எழுதுவதில்லை. ‘சட்டத்துக்கு இசைவாக’ என்று ஒரு சொற்றொடரைப் போட்டு முடித்துக்கொள்வார்கள். 1975-ல் கம்போடியா பிடித்துவைத்த மாயகெஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை மீட்டபோது அதிபர் ஃபோர்டு மட்டும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டார். அதற்குள் சண்டையே முடிந்திருந்தது!

அறிக்கை ‘தரவேண்டிய’ நாளிலிருந்தே கெடு ஓடும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த நாள் எது என்று யார் தீர்ப்பது? 2011-ல் லிபியாவில் 60 நாள் கடந்தபோது ஒபாமா அரசு சொன்ன விளக்கம்: தரைப்படை இல்லை, எதிர்த்துச் சுடுவாரும் இல்லை, ஆகவே சட்டம் சொல்லும் ‘மோதல்’ இது அல்ல. குண்டு விழுந்த ஊர்க்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை.

நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும். 1999-ல் கொசாவோவுக்காக யூகோஸ்லாவியா மீது அமெரிக்காவும் நேட்டோ நாடுகளும் 78 நாள் குண்டு வீசின. அதை ஆமோதிக்கும் தீர்மானம் கீழவையில் 213-213 என்று சமனாகித் தோற்றது. அதே காங்கிரஸ் அந்தப் போருக்குப் பணமும் ஒதுக்கியது. வழக்குப் போட்ட காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

பெரிய அடி விழுந்தது 1983-ல், போருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கில். இரு அவைகளும் சேர்ந்தால் அதிபரின் கையெழுத்து இல்லாமலே படையைத் திரும்ப அழைக்கலாம் என்றது 1973 சட்டம். அந்த மாதிரித் தீர்மானங்கள் அரசியலமைப்புக்கு ஒவ்வாதவை என்றது உச்ச நீதிமன்றம். அதனால் இன்று நிறுத்தும் தீர்மானமும் அதிபர் மேசைக்கே போகிறது. அவர் வீட்டோ போட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2019-ல், ஏமன் போரில் சவூதி கூட்டணிக்கு அமெரிக்கா தரும் உதவியை நிறுத்தும் தீர்மானம் இப்படித்தான் விழுந்தது: டிரம்பின் வீட்டோவை முறியடிக்க செனட்டில் கிடைத்தவை 53 வாக்குகள், எதிராக 45. போரைத் தொடங்கப் பெரும்பான்மை வேண்டும் என்று எழுதிவைத்த நாட்டில், நிறுத்துவதற்கு அதைவிடப் பெரிய பெரும்பான்மை தேவைப்படுகிறது.

மிச்சமிருப்பது பணப்பை, அதாவது பணம் ஒதுக்கும் அதிகாரம். 1973 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தோசீனாவில் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) சண்டைக்குப் பணம் கிடையாது என்று காங்கிரஸ் வெட்டியது. முதலில் வீட்டோ போட்ட நிக்ஸன், அரசு நடத்தவே பணம் இராது என்ற நிலையில் கையெழுத்திட்டார். சோமாலியாவுக்கும் 1994 மார்ச் 31 என்று இப்படி நாள் குறித்தார்கள். ஆனால் களத்தில் நிற்கும் வீரனுக்குப் பணம் மறுத்தவர் என்ற பெயரோடு அடுத்த தேர்தலுக்குப் போக எந்த உறுப்பினருக்கும் மனம் வராது. அதனால் அடுத்த போரில் கண்டனத் தீர்மானங்களை விட்டுவிட்டு, ஒதுக்கீட்டு மசோதாவில் என்ன நிபந்தனை போடுகிறார்கள் என்று பாருங்கள்.