கேள்வி – பதில்: விரிதாள் செய்யும் ஊகங்கள்

கேள்வி: ஆய்வுப் படிவங்களை எக்செல்லில் பதிவு செய்கிறேன். 0047 என்ற அடையாள எண் 47 ஆகிவிடுகிறது. 3-4 என்ற குறியீடு தேதியாகிவிடுகிறது. இவற்றைக் கடைசியில் மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், கடைசியில் திருத்துவதற்கு மூலமே கையில் இராது. நீங்கள் இடுவது எண்ணா, தேதியா, எழுத்தா என்பதை விரிதாள் தானாகவே ஊகித்து, தான் புரிந்துகொண்டதையே சேமிக்கிறது. தேதியாகிப்போன கட்டத்தைப் பின்னர் ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றினால் 3-4 திரும்பி வராது. தேதிகளை எக்செல் நாள் எண்ணிக்கையாகவே சேமிப்பதால், அந்தத் தேதிக்குரிய ஐந்திலக்க எண்தான் தோன்றும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களையும் எக்செல் முழுமையாக வைத்திருப்பதில்லையாதலால், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஆகவே அடையாள எண், தொலைபேசி எண், குறியீடு எனக் கணக்கிடத் தேவைப்படாத அனைத்தையும், முதல் படிவத்தைப் பதியுமுன்பே டெக்ஸ்ட் வகை நெடுவரிசைகளில் அமைத்துவிடுங்கள். சிஎஸ்வி கோப்பையும் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்துவைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) நேரடியாகத் திறக்காமல், ‘டேட்டா’ பட்டியலின் வழியே, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகையைக் குறிப்பிட்டு இறக்குமதி செய்யுங்கள்.

மரபணு ஆய்வாளர்களை இந்த ஊகம் படுத்திய பாடு சிறிதன்று. மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுக் குறியீடுகள் ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில் தேதிகளாகவே வெளிவந்தன. மென்பொருள் திருந்துமுன் மரபணுக்கள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று: 2020-க்குள் அவை மார்ச்எஃப்1, செப்டின்2 என்றாயின. இத்தகைய மாற்றங்களை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் பரவலாக அளித்தது 2023-இல்தான்.

கேள்வி: பதில் கிடைக்காத கேள்விகளுக்கு 0 என்று இடலாமா?

பதில்: கூடாது. 10, 20 ஆகியவற்றோடு ஒரு வெற்றுக் கட்டம் இருந்தால் சராசரி 15. அங்கே 0 இட்டால் அதுவே 10 ஆகிவிடும். ‘25 கிலோ’ என்று அலகையும் சேர்த்து எழுதினாலோ, கூட்டல் சூத்திரம் அக்கட்டத்தை ஓசையின்றித் தாண்டிச் சென்றுவிடும். அலகைத் தலைப்பில் எழுதுங்கள்.

கேள்வி: சூத்திரம் சரியான கட்டங்களைத்தான் கணக்கிடுகிறதா என்பதை எப்படி அறிவது?

பதில்: சராசரியைப் பார்க்குமுன், அதே பரப்புக்கு, எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணிச் சொல்லும் ‘கவுண்ட்’ சூத்திரத்தை இட்டுப் பாருங்கள். படிவங்கள் 120, விடை 118 என்றால், இரண்டு கட்டங்கள் வெறுமையாகவோ எழுத்தாகவோ இருக்கின்றன, அல்லது பரப்புக்கு வெளியே நிற்கின்றன. அரசின் பொதுக்கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றிப் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் வெளியிட்ட, அரசுகளே எடுத்தாண்ட கட்டுரையில், சராசரிச் சூத்திரம் 20 நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டிருந்தது 2013-இல்தான் வெளிப்பட்டது. அக்கட்டுரையில் வேறு குறைகளும் சுட்டப்பட்டன. ஆயினும் இந்த ஒன்று, எண்ணிப் பார்த்திருந்தாலே அகப்பட்டிருக்கும். மூலப் பதிவை ஒரு தாளிலும் கணக்குகளை வேறொரு தாளிலும் வைப்பது நல்லது. அப்போதுதான் பிறர் உங்கள் கணக்கைத் தொடக்கத்திலிருந்து சரிபார்க்க இயலும்.

கேள்வி: பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே சேமித்து வருகிறேன். தொடரலாமா?

பதில்: அதில் 65,536 வரிசைகளே அடங்கும், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் 10,48,576. இங்கிலாந்தில் 2020 இலையுதிர்காலத்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டதற்கு இந்தப் பழைய வரம்பே காரணமாகச் சொல்லப்பட்டது. இன்றே மாற்றிவிடுங்கள், மாற்றியபின் வரிசைகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.