அரிதாரம்

அன்புள்ள அக்கா,
என் மகள் வேலூரில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். லிப்ஸ்டிக், ஐலைனர் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் அம்மா, "கூத்தாடி மாதிரி இருக்கு" என்று தினமும் திட்டுகிறார். நான் எதுவும் சொல்வதில்லை. கெமிக்கல் என்று எனக்கும் பயம். நான் பவுடர் தவிர எதுவும் போட்டவள் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று மட்டும் அம்மா ஃபேர் அண்ட் லவ்லி தடவிவிட்டார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, ஆற்காடு

அன்புள்ள தங்கைக்கு,

தோல் அரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கெமிக்கல் பேச்சு அவ்வளவுதான்.

'கூத்தாடி' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. போன மாதம் பாரதக் கூத்து பார்த்து வந்ததிலிருந்து இதே நினைப்பு. ஆரணி, செய்யாறு, புரிசை எல்லாம் கூத்து ஊறிய மண். 1989ல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை எல்லாம் வட ஆற்காடுதான். அங்கே பிறந்தவர் வாயில் அது வசையாக வருவது வலிக்கிறது. அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, உதட்டில் சிவப்பிட்ட ஒரு ஆண் பாஞ்சாலியாகச் சபையில் நின்று அழுதபோது உங்கள் அம்மாவும் அழுதிருப்பார். துரியோதனன் விழும் படுகளத்தில் கூந்தல் முடிந்தபோது கும்பிட்டிருப்பார். அதே சிவப்பு பேத்தியின் உதட்டில் வந்தால் அசிங்கமா?

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கூத்து முடிந்த காலையில், எங்கள் கழனி பம்புசெட்டில் திரௌபதி வேஷம் கட்டியவர் தேங்காயெண்ணெய் தேய்த்து அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கிண்ணம் கொண்டுபோன எங்கள் ஆயா (பாட்டி) அங்கேயே நின்று கேட்டார்: "ஏம்பா, ராத்திரி முச்சூடும் அழுதியே, கண்ணுல மை கரையவே இல்லியே. இன்னா மை அது?" அவர் சொன்ன பக்குவத்தை ஆயா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டின் அடியில் விளக்குக் கரி படிந்திருந்தது. அந்த மையை நான் யார் கண்ணிலும் பார்க்கவில்லை.

அதே ஆயாதான், நான் வயதுக்கு வந்த பிறகு மையைக் கொஞ்சம் நீளமாக இழுத்த அன்று, "எவனுக்கு மினுக்கிகினு போற?" என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தார். கண் எரிந்தது. அந்தக் கேள்வியை ஆயாவிடமும் யாரோ ஒருத்தி கேட்டிருப்பாள்.

"நான் எதுவும் சொல்வதில்லை" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். பாட்டி திட்டும்போது அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? அம்மாவும் அதையேதான் நினைக்கிறாள் என்றுதானே! உங்களைச் சிவப்பாகக் காட்டத் தடவிய க்ரீமும் அலங்காரம்தான். கம்பெனியே 2020ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பூசினால் சரி, தனக்காகப் பூசினால் தப்பு என்று அவளுக்கு எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

அம்மாவோடு சண்டை வேண்டாம், பாவம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊரில் திரௌபதி வேஷம் யார் கட்டினார், முகம் எப்படி எழுதியிருப்பார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.