தென் அமெரிக்காவில் காலனி ஆட்சிக் கால வரலாற்றை நடந்தே பார்க்க எந்தத் தலைநகரம் நல்லது?

லிமா, கீட்டோ என்று ஸ்பானியர் கட்டிய ஊர்களைத்தான் பலரும் சொல்வார்கள். என் ஓட்டு கயானாவின் ஜார்ஜ்டவுனுக்கு.

இங்கே கட்டடங்கள் ஆங்கிலேயருடையவை என்றால், தரை டச்சுக்காரர்களுடையது. கடல் ஏறும்போது நீர்மட்டம் ஊரைவிட உயர்ந்துவிடும். அப்படிப்பட்ட சதுப்பில், ஆப்பிரிக்க அடிமைகளை வைத்து வாய்க்கால் வெட்டிக் கரும்பு போட்டார்கள். 1784-இல் ஊரின் பெயர் ஸ்டாப்ரூக். 1812-இல் ஆங்கிலேயர் தங்கள் அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார்கள்.

முதலில் ஒரு மதகைப் பாருங்கள். அங்கே 'கோக்கர்' என்பார்கள். உயரமான சட்டத்தில் தொங்கும் கதவு, அவ்வளவுதான். கடல் இறங்கும்போது கதவைத் தூக்கி ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார்கள். ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். நேரம் தவறினால் தெருவில் தண்ணீர். இதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஏன் மரத்தில் நிற்கிறது? முன்பு செங்கல்லில் கட்டிய தேவாலயத்தின் பாரத்தை அந்த மண் தாங்கவில்லை. அதனால் 1892-இல் திறந்த இன்றைய தேவாலயத்தைப் பெரும்பாலும் உள்ளூர் கிரீன்ஹார்ட் மரத்தாலேயே எழுப்பினார்கள். உயரம் சுமார் 43 மீட்டர். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலிக்கும்.

1881-இல் கட்டிய ஸ்டாப்ரூக் மார்க்கெட் முழுக்க இரும்பு. மணிக்கூண்டை ரசிக்கும்போது பையில் ஒரு கண் இருக்கட்டும்.

அப்புறம், வழிகாட்டிகள் வேகமாகக் கடந்துவிடும் பரேடு மைதானம். 1823-இல் ஊரைச் சுற்றியிருந்த டெமராரா பகுதியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, பிடிபட்ட பலரை இங்கேதான் தூக்கிலிட்டார்கள். எனக்கு தேவாலயத்தைவிட இதுதான் முக்கியம். 1763-இல் பக்கத்து டச்சுக் காலனியான பெர்பீஸில் நடந்த அடிமைக் கிளர்ச்சியின் தலைவர் கஃபிக்கு வேறொரு சதுக்கத்தில் வெண்கலச் சிலை உண்டு. அந்தக் கிளர்ச்சி வெடித்த பிப்ரவரி 23-ஆம் தேதியைத்தான் 1970-இல் குடியரசு நாளாக எடுத்துக்கொண்டார்கள்.

அடிமை முறை ஒழிந்ததும் 1838-இல் இந்தியக் கூலிகளைக் கப்பலில் ஏற்ற ஆரம்பித்தார்கள். பிறகு மதராஸிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அங்கே மாரியம்மன் வழிபாடு இன்னும் இருக்கிறது.

நீதிமன்ற வாசலில் விக்டோரியா மகாராணி சிலையை விட்டுவிடாதீர்கள். 1954-இல் வெடி வைத்ததில் தலையும் ஒரு கையும் போயின. ஒட்டவைத்தார்கள். குடியரசானதும் தாவரவியல் பூங்காவில் ஒரு மூலைக்குத் தள்ளினார்கள். 1990-இல் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.