ஆடியோகிராம் நார்மல், ஆனால் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை

கேள்வி: வயது 34. ஒன்பது ஆண்டுகளாக பிரஸ் மெஷின்கள் ஓடும் ஷெட்டில் வேலை. காது டெஸ்டில் 'நார்மல்' என்கிறார்கள். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. பெரா டெஸ்ட் எடுத்தால் காரணம் தெரியுமா டாக்டர்?

பதில்: பெரா என்பது ஒலி கேட்கும்போது காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை. அதனிடம் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

ஆடியோகிராம் அமைதியான அறையில் மெல்லிய 'பீப்' கேட்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. காது நரம்பிழைகளில் கணிசமானவை போயிருந்தாலும், மிச்சமிருப்பவை அந்த 'பீப்'பைப் பிடித்துவிடும். 2009-இல் குஜாவா, லிபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் திறன் பழையபடி திரும்பியது. ஆனால் உட்காதில் ஒலியை உணரும் முடியணுவையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில், கீச்சொலிகளுக்கான பகுதியில் பாதியளவு அழிந்தே போனது. பெராவில் நரம்பிலிருந்து வரும் முதல் அலையின் உயரமும் குறைந்தது.

மனிதரிடம் கணக்கு இப்படி நேராக வருவதில்லை. நெற்றியிலும் காதுக்குப் பின்னேயும் எலக்ட்ரோடு ஒட்டி, ஆயிரக்கணக்கில் 'டிக்' ஒலி கொடுத்துச் சராசரி எடுத்தாலும் அந்த முதல் அலை ஒரு மைக்ரோவோல்ட்கூடத் தேறாது. தலையின் அளவு, ஆணா பெண்ணா, எலக்ட்ரோடு ஒட்டிய விதம் எல்லாமே அதை மாற்றும். சுண்டெலிக்குச் சத்தத்துக்கு முந்தைய பதிவு இருந்தது, உங்களுக்கு இல்லை. சத்தத்தில் உழைத்தவர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. 'முதல் அலை குட்டை, அதனால்தான் பேச்சு புரியவில்லை' என்று யாராவது ரிப்போர்ட் கொடுத்தால் அதை அப்படியே ஏற்க வேண்டாம்.

இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையை, தாய்மொழிச் சொற்களில், கேட்டு வாங்குங்கள். உங்கள் புகாரை நேராக அளப்பது அதுதான். ஆடியோகிராமையும் 3000, 6000 ஹெர்ட்ஸ் சேர்த்து மறுபடி எடுங்கள். வரைபடத்தில் 4000-ஐ ஒட்டிப் பள்ளம் விழுந்து 8000-இல் மேலேறினால் பெரும்பாலும் சத்தத்தின் வேலை. ஷிஃப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். குறைந்தது 14 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும்.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் காதை மூடுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100-இல் 15 நிமிடம். நுரை அடைப்பானை மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுபோலத்தான்.

ஒரு காது மட்டும் மந்தமாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே இ.என்.டி. மருத்துவரிடம் போய்விடுங்கள், ஸ்டீராய்டு பலன் தர முதல் இரண்டு வாரம்தான் நல்ல வாய்ப்பு.