கடன் அயர்லாந்துக்கா, தம்பியின் கடைக்கா?

கேள்வி: நான் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியை, கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். இருவர் கைக்கும் மாதம் 1,30,000 ரூபாய் வருகிறது. அதில் 38,000 வீட்டுக் கடனுக்குப் போகிறது. எங்கள் 25-ஆம் திருமண ஆண்டை ஒட்டி இந்த செப்டம்பரில் 11 நாட்கள் அயர்லாந்து செல்ல விரும்புகிறோம். டப்ளின், கில்கென்னி, காஷல், கார்க், கோல்வே, பெல்பாஸ்ட் எல்லாம் சேர்த்து முகவர் 7.8 லட்சம் கேட்கிறார். ‘வட்டியில்லாத் தவணை’ என்றால் மாதம் 35,000 வீதம் 24 மாதங்கள் கட்டவேண்டும். இதற்காக நான்கு ஆண்டுகளாக மாதம் 12,000 தொடர்வைப்பில் போட்டுச் சேர்த்த 6.6 லட்சத்தில், கொழுந்தனார் கைப்பேசிக் கடையை விரிவாக்க 4 லட்சம் வாங்கிக்கொண்டார். 14 சதவீத வட்டியில் 5 லட்சம் தனிநபர் கடன் வாங்கலாமா, தவணைத் திட்டத்தில் சேரலாமா? விசாவுக்கு வங்கி இருப்பு காட்டுவதற்காகக் கொழுந்தனார் வெளியில் புரட்டி ஒரு மாதத்துக்கு 4 லட்சம் போட்டு வைப்பதாகச் சொல்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் மகளின் விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, என் நகையை 1.5 லட்சத்துக்கு அடகு வைத்தோம். போன தை மாதம்தான் மீட்டோம்.

பதில்: உங்கள் கேள்விக்குப் பதில், இரண்டும் வேண்டாம் என்பதே. ஆனால் கடிதத்தில் கடைசியாக எழுதியிருக்கும் நகை விஷயத்தை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை எடுத்துத் தம்பியிடம் கொடுப்பது, பிறகு அந்தப் பள்ளத்தை வட்டிக்கு வாங்கி நிரப்புவது என்பது உங்கள் வீட்டில் இது இரண்டாவது முறை. முதல் முறை, 10 சதவீத வட்டி என்று வைத்தாலே மூன்று ஆண்டுகளில் சுமார் 45,000 ரூபாய் போயிருக்கும். இம்முறை 5 லட்சத்தை மூன்று ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 17,100 கட்டவேண்டும், மொத்தம் 6.15 லட்சம், அதாவது வட்டி மட்டும் 1.15 லட்சம். அந்தக் கடனில் ஐந்தில் நான்கு பங்கு தம்பியின் கடைக்கானது. பணம் அவருடைய கல்லாவிலும் வட்டி உங்கள் சம்பளத்திலும் இருக்கிறது என்பதை உங்கள் கணவர் இந்தப் பத்தியில் ஒருமுறை வாசிக்கட்டும்.

முகவரின் ‘வட்டியில்லாத் தவணை’யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 35,000-ஐ 24-ஆல் பெருக்கினால் 8.4 லட்சம் வருகிறது. மொத்தமாகக் கட்டினால் 7.8 லட்சம். இடையிலிருக்கும் 60,000 வட்டி இல்லையென்றால் வேறு என்ன என்று அவரிடமே கேளுங்கள்.

கொழுந்தனார் போட்டு வைப்பதாகச் சொல்லும் 4 லட்சம் கடனைவிட ஆபத்தானது. அயர்லாந்து விசாவுக்கு ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். அதில் வழக்கத்துக்கு மாறான பெரிய வரவு இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டும். மாதம்தோறும் சம்பளம் மட்டுமே ஏறும் கணக்கில் திடீரென்று 4 லட்சம் வந்து உட்கார்ந்தால், பார்க்கும் அதிகாரிக்கு அது உங்கள் பணம் இல்லை என்று தெரியாமல் போகாது. உங்கள் சம்பளமும் தொடர்வைப்பும் சொல்லும் உண்மையான கதையே விசாவுக்கு நல்ல கதை.

இனி பயணச் செலவு. முகவரை விட்டுவிட்டு நீங்களே பதிவு செய்தால் தோராயமாக இப்படி வரும். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக இருவருக்கும் விமானக் கட்டணம் 1.5 லட்சம், தங்குமிடம் சராசரியாக 140 யூரோ வீதம் பத்து இரவுக்கு 1,400, சாப்பாடு 600, ரயிலும் பேருந்தும் 250, நுழைவுச் சீட்டுகள் 250. ஆக 2,500 யூரோ. யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்தால் சுமார் 2.65 லட்சம். விசா, காப்பீட்டுக்கு 25,000, கையிருப்பாக 50,000 சேர்த்தால் 4.9 லட்சத்தில் முடியும்.

நுழைவுச் சீட்டில் ஒரு சிக்கனம் உண்டு. அயர்லாந்து அரசின் பாரம்பரியச் சின்னங்களுக்கான ஆண்டு அட்டை ஆளுக்கு 40 யூரோ அளவில் கிடைக்கிறது. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட கில்மைன்ஹாம் சிறை, கில்கென்னி கோட்டை, காஷல் பாறை, நியூகிரேஞ்ச் கல்லறை மேடு ஆகியவை அதில் அடங்கும். டப்ளினின் தேசிய அருங்காட்சியகத்துக்கும், முகலாயர் கால ஓவியங்கள் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்துக்கும் கட்டணமே இல்லை. டிரினிட்டி கல்லூரியில் உள்ள ‘கெல்ஸ் நூல்’ என்ற பழைய நற்செய்திக் கையெழுத்துப் பிரதிக்குத் தனியாகச் சீட்டு வாங்கவேண்டும். பெல்பாஸ்ட் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தது. அங்கே பவுண்டும் வேண்டும், அயர்லாந்து விசாவில் இரு நாட்டுக்குமான தனிக் குறிப்பும் வேண்டும். டைட்டானிக் நினைவுக்காகத்தான் பெல்பாஸ்ட் என்றால், அந்தக் கப்பல் 1912 ஏப்ரலில் கடைசியாக நின்று புறப்பட்ட கோவ் துறைமுகத்துக்குக் கார்க்கிலிருந்து அரைமணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம்.

கையில் இருப்பது 2.6 லட்சம், தேவைப்படுவது இன்னும் 2.3 லட்சம். பயணத்தை அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளுங்கள். உங்களுக்குப் பள்ளி விடுமுறை, அங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் மூத்த நியூகிரேஞ்ச், உங்கள் 25-ஆம் ஆண்டா 26-ஆம் ஆண்டா என்று பார்க்கப் போவதில்லை. தொடர்வைப்பில் இன்னும் 12 மாதங்களுக்கு 12,000 போட்டால் 1.44 லட்சம், கொழுந்தனார் மாதம் 8,000 திருப்பினால் 96,000. இரண்டும் சேர்ந்து 2.4 லட்சம், ஒரு ரூபாய் வட்டி இல்லாமல்.

அந்த 8,000-ஐக் கேட்பது உங்கள் கணவரின் வேலை. அண்ணியான நீங்கள் கேட்டால் வீட்டில் வேறு பேச்சு கிளம்பும். கடை விரிவாகியிருக்கிறது என்றால் நாளொன்றுக்கு 270 ரூபாய் எடுத்து வைப்பது பெரிய காரியம் இல்லை. மாதம் ஐந்தாம் தேதி அவர் கணக்கிலிருந்து நேராகத் தொடர்வைப்புக்குரிய கணக்குக்குத் தானாகவே வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மளிகையில் கரைந்துவிடும். மே மாதத்துக்குப் பிறகும் 3 லட்சத்துக்குமேல் பாக்கி இருக்கும். அதே 8,000 அதே தேதியில் தொடரட்டும், அது முடியும்வரை புதிதாக எதுவும் கொடுக்கவேண்டாம். அவர் இந்த ஏற்பாட்டுக்கு மறுத்தால் பயணம் இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும். அப்போதும் கடன் வாங்காதீர்கள்.